சாக்குக் கொழுக்கி: ஒரு மொறிஸ் மைனரும் மூன்று தட்டுப்பாடுகளும்

போன மாசி மாதம் இரண்டு நாள், முற்றத்து மாமரத்துக்குக் கீழே, நானும் அப்பாவும் எங்கட மொறிஸ் மைனரின் வோட்டர் பம், தேர்மோஸ்ரற், றப்பர்க் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றினோம். றேடியேற்றரையும் கழற்றிக் கழுவினோம். கராச்சுக்குக் கொண்டுபோகாததற்குப் பெரிய கொள்கைக் காரணம் ஒன்றும் இல்லை. இந்தக் காரைத் தெரிந்த மெக்கானிக்மார் ஒன்றில் வயதுபோய் வேலையை விட்டிட்டினம், அல்லது காலமாகிவிட்டார்கள். மிச்சப்பேர் "கொம்பியூட்டர் இல்லாத வாகனத்தை எப்பிடிப் பாக்கிறது?" என்று சிரிக்கிறார்கள்.

றேடியேற்றரை வெளியே எடுத்து மதிலில் சாய்த்து வைத்தபோதுதான் அதைக் கண்டேன். மேல் தொட்டியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பிக் கொழுக்கி, ஈயம் வைத்து ஒட்டியிருந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்தது இல்லை. ஆனால் அவசரத்தில் செய்த வேலையும் இல்லை. இரண்டும் ஒரே உயரத்தில், அளந்து வைத்தது மாதிரி இருந்தது.

"இது என்னத்துக்கு அப்பா?"

"சாக்குக் கொழுவ. அப்பப்பா வைச்சது."

"சாக்கோ? றேடியேற்றருக்கு முன்னாலயோ?"

"ஓம் பிள்ளை. மண்ணெண்ணெய்க் காலத்தில."

எனக்கு விளங்கவில்லை. றேடியேற்றர் என்பதே காற்றுப் படுவதற்காக வைத்த பொருள். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் அதைச் சாக்கால் மூடினால் எஞ்சின் கொதிக்காதா? அப்பப்பா முப்பது வருடம் ஹயர் ஓடியவர். அவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. அப்ப ஏன்?

அந்தக் கொழுக்கிக்குப் பதில் தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

எஞ்சினுக்கு எவ்வளவு சூடு வேணும்?

முதலில் ஒரு அடிப்படை. கார் எஞ்சினில் எரிகிற எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலையாக மாறும். இன்னொரு பங்கு புகையோடு போகும். மிச்சப் பங்கை எப்படியாவது எஞ்சினிலிருந்து வெளியே எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் இரும்பே இறுகிவிடும். காரின் வரலாறு முழுக்க இந்தக் கடைசிப் பங்கோடு மல்லுக்கட்டிய வரலாறும்தான்.

1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை எடுத்த முச்சக்கர வண்டியில் றேடியேற்றரே இல்லை. உருளையைச் சுற்றித் தண்ணீர் இருக்கும், அது கொதித்து ஆவியாகும், ஆவியோடு சூடும் போகும். போனால் திரும்ப ஊற்றவேண்டும். 1888இல் அவரின் மனைவி பெர்த்தா பென்ஸ் இரண்டு மகன்மாரோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அந்த வண்டியை ஓட்டிப் போனார். உலகத்தின் முதலாவது நீண்ட கார்ப் பயணம் என்று சொல்லப்படுவது அதுதான். வழியில் வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார். தண்ணீரை வழி நெடுகத் தேடித் தேடி ஊற்றினார். போத்தலில் எரிபொருள், கானில் தண்ணீர். இந்தக் காட்சியை மனதில் வைத்திருங்கோ, நூறு வருடத்துக்குப் பிறகு திரும்பவும் வரும்.

1900இல் வில்ஹெல்ம் மேபாக் மேர்சிடிஸ் காருக்குத் தேன்கூட்டு றேடியேற்றரைச் செய்தார். ஆறு மில்லிமீற்றர் அகலச் சதுரக் குழாய்கள், மொத்தம் 8,070. கொஞ்சத் தண்ணீரைக் கன காற்றுக்குக் காட்டினால் போதும் என்ற அந்த யோசனைதான் இன்று வரைக்கும். ஃபோர்ட் மொடல் ரீ போன்ற கார்களில் தண்ணீரைச் சுற்றப் பம் கூட இல்லை. சுடுதண்ணீர் மேலே எழும்பும், ஆறின தண்ணீர் கீழே இறங்கும், அதை வைத்தே சமாளித்தார்கள். 1948இல் வந்த முதலாவது மொறிஸ் மைனரும் அப்படித்தான். 1952க்குப் பிறகு வந்த புது எஞ்சினில்தான் பெல்றில் சுற்றுகிற வோட்டர் பம் வந்தது.

பிறகு இரண்டு சின்னச் சாமான்கள். ஒன்று அமுக்க மூடி. தண்ணீரை 7 பி.எஸ்.ஐ அமுக்கத்தில் பூட்டி வைத்தால் அது 100 பாகையில் கொதிக்காது, ஏறத்தாழ 111 பாகை செல்சியஸ் வரை தாங்கும். (அதனால்தான் சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கக்கூடாது. திறந்த கணமே அமுக்கம் போகும், உள்ளே இருக்கிற தண்ணீர் எல்லாம் ஒரேயடியாகக் கொதித்து முகத்துக்கு வரும்.) மற்றது தேர்மோஸ்ரற். தண்ணீர் போதியளவு சூடாகும் வரைக்கும் அதை றேடியேற்றருக்குப் போகவிடாமல் மறித்து வைத்திருக்கிற சின்னக் கதவு. மொறிஸ் மைனருக்குச் சாதாரணமாக 82 பாகை, வெயில் நாடுகளுக்கு 74 பாகை, குளிர் நாடுகளுக்கு 88 பாகை.

இதைக் கவனியுங்கோ. எஞ்சினைக் குளிராக வைத்திருப்பது இந்தத் தொகுதியின் வேலை இல்லை. சரியான சூட்டில் வைத்திருப்பதுதான் வேலை. தேர்மோஸ்ரற் கீழ் எல்லையைக் காக்கும், றேடியேற்றர் மேல் எல்லையைக் காக்கும். எங்கட ஊரில் அனேகமான பழைய கார்களில் தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். "இந்த வெயிலுக்கு உது என்னத்துக்கு?" என்பது வழமையான பேச்சு. ஆனால் ஆறின எஞ்சின் கூடத் தேயும், எண்ணெய் கெதியாகப் பழுதாகும். எங்கட காரைத் திறந்தபோதும் தேர்மோஸ்ரற் இருந்த இடம் வெறுமையாகத்தான் கிடந்தது.

முதல் தட்டுப்பாடு

யுத்தத்துக்குப் பிறகு பிரிட்டனுக்கு வெளிநாட்டுப் பணம் அவசரமாகத் தேவைப்பட்டது. கார்க் கொம்பனிகள் ஏற்றுமதி செய்தால்தான் உருக்கு ஒதுக்குவோம் என்றது அந்த நாட்டு அரசாங்கம். அப்படித்தான் ஒஸ்ரினும் மொறிஸும் இலங்கைத் துறைமுகத்தில் வந்து இறங்கின. ஆசிரியர்கள், கிளாக்கர்மார், அப்போதிக்கரிமார், புகையிலை வியாபாரிகள் வாங்கினார்கள். மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிரிட்டனில் பத்து லட்சத்தைத் தாண்டின முதலாவது கார் அதுதான்.

எங்கட காரை 1959இல் கொழும்பில் ஒரு அரசாங்க உத்தியோகத்தர் புதிதாக வாங்கினார். அதனால் அதன் இலக்கத் தகட்டில் சிங்கள 'சிறீ' இருக்கிறது. 1957க்கு முதல் பதிந்த வாகனங்களில் ஆங்கில எழுத்துத்தான். 1957இல் சிறீ வந்தபோது வடக்குக் கிழக்கில் எதிர்ப்புத் தொடங்கியது. 1958இல் சிறீ எழுத்தோடு அரச பஸ்கள் யாழ்ப்பாணம் வந்தபோது அந்த எழுத்துக்குத் தார் பூசினார்கள். பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். அந்த வருடம் வைகாசியில் கலவரம். எங்கட கார் அதற்கு அடுத்த வருடம் பிறந்தது. அந்த எழுத்தோடயே வடக்குக்கு வந்து, அந்த எழுத்தோடயே இடம்பெயர்ந்து, அந்த எழுத்தோடயே இன்றைக்கும் நிற்கிறது. எழுத்தை மாற்றச் சட்டம் விடாது. அப்பப்பாவும் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லையாம்.

1960களின் தொடக்கத்தில் இலங்கையில் வெளிநாட்டுச் செலாவணி வறண்டது. கார் இறக்குமதி இறுக்கிக் கட்டுப்படுத்தப்பட்டது. உதிரிப்பாகத்துக்கும் தட்டுப்பாடு. 1977இல் பொருளாதாரம் திறக்கும் வரைக்கும், ஏற்கெனவே நாட்டில் இருந்த கார்களைத்தான் நாடு திரும்பத் திரும்ப ஓடியது. ஒரு கார் 'பழையது' ஆவதற்கு அனுமதி இல்லாத காலம் என்று சொல்லலாம். அப்பப்பா இந்தக் காரை 1968இல் இரண்டாம் கையாக வாங்கி ஹயருக்கு விட்டார்.

எங்கட திருத்துகிற கலாசாரத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாங்கள் எல்லாவற்றையும் 1990இலிருந்து தொடங்கிக் கதைக்கப் பழகிவிட்டோம். ஆனால் 90இல் சமாளித்த கைகள் 60களிலும் 70களிலும் பழகின கைகள். பழைய றேடியேற்றர் செம்பும் பித்தளையும். ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்து அடைக்கலாம். அடைக்க ஆள் இல்லாவிட்டால் அவசரத்துக்கு மஞ்சள்தூளைக் கரைத்து உள்ளே ஊற்றுவார்கள், அது போய் ஓட்டையில் அடையும். இன்றைய றேடியேற்றர் அலுமினியமும் பிளாஸ்ரிக்கும். வெடித்தால் எறியத்தான் வேண்டும்.

இன்னொன்று தண்ணீர். யாழ்ப்பாணம் சுண்ணக்கல்லுக்கு மேலே இருக்கிற ஊர். எங்கட கிணற்றுத் தண்ணீர் வன்தண்ணீர். கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிகிற அதே சாமான்தான் றேடியேற்றருக்குள்ளும் படியும். வோட்டர் பம்மைக் கழற்றினபோது உட்சுவர் முழுக்க ஒரு வெள்ளைத் தோல். ஸ்க்ரூ ட்ரைவரால் நெம்ப, தகடு தகடாக வந்தது. சில தகடுகளில் வெள்ளைக்கு நடுவில் துருச் சிவப்பாக ஒரு கோடு. மரத்தை வெட்டினால் வளையம் தெரியுமே, அப்படி. அறுபது வருடத்துக் கிணறுகள் எல்லாம் அதுக்குள் இருந்தன.

இரண்டாம் தட்டுப்பாடு

1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியது. வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றறி, வாகன உதிரிப்பாகம், சீமெந்து, உரம் எல்லாம் தடை செய்யப்பட்ட சாமான்கள். யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் நின்றது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுமட்டாக வந்தது, அதுவும் வெளியில் விற்கிற விலையைவிடப் பல மடங்கில்.

அப்பதான் கார்கள் மண்ணெண்ணெய் குடிக்கத் தொடங்கின. இது எல்லாருக்கும் தெரிந்த கதை. சின்னப் போத்தலில் கொஞ்சப் பெற்றோல் வைத்திருப்பார்கள், அதைக் கபுரேற்றருக்கு விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஆனால் ஏன் பழைய பிரிட்டிஷ் கார்கள் அதில் நன்றாக ஓடின, புது ஜப்பான் கார்கள் கஷ்டப்பட்டன என்பதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. காரணங்கள் இவைதான்.

முதலாவது அமுக்கம். மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது, தீப்பொறி வரமுதலே தானாக வெடித்து எஞ்சினைத் தட்டும். மைனரின் 948 சி.சி எஞ்சின் இரண்டு விதமாக வந்தது. ஒன்று 8.3க்கு 1 அமுக்கம், மற்றது தரம் குறைந்த பெற்றோலுக்கென்று செய்த 7.2க்கு 1. எஞ்சின் இலக்கத்தில் 'எச்' எழுத்து இருந்தால் முதலாவது, 'எல்' இருந்தால் மற்றது. ஊத்தையைத் துடைத்துப் பார்த்தோம். எங்கடது 'எல்'. லண்டனில் மலிவான எஞ்சின் என்று குறைத்துப் பார்த்ததுதான் எங்களுக்கு வாழ்வு கொடுத்திருக்கிறது.

இரண்டாவது, முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றி ஸ்ராட் பண்ணலாம். செத்தும் சாகாத பற்றறி கூடப் போதும்.

மூன்றாவதுதான் எங்கட கொழுக்கி. பெற்றோல் இலேசில் ஆவியாகும். மண்ணெண்ணெய் அப்படி இல்லை, அது ஆவியாக ஏறத்தாழ 150 பாகைக்கு மேலே வேண்டும். எஞ்சின் ஆறிக் கிடந்தால் மண்ணெண்ணெய் துளித்துளியாகவே உள்ளுக்குப் போகும், எரியாது, உருளைச் சுவரில் இருக்கிற எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணியாகும். அதோட எஞ்சினின் கதை முடிந்தது. ஆகவே மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின் எப்பவும் நல்ல சூட்டில் இருக்கவேண்டும். எங்கட காரில் தேர்மோஸ்ரற் இல்லை, எழுபதுகளிலேயே கழற்றி எறிந்தாயிற்று. புதிதாக ஒன்று வாங்க வழியில்லை, உதிரிப்பாகம் தடை. ஆகவே அப்பப்பா வெளியிலிருந்து ஒரு தேர்மோஸ்ரற் செய்தார். ஒரு சாக்கு, இரண்டு கொழுக்கி. காலமை ஸ்ராட் பண்ணும்போது முழுக்க மூடுவார். ஓடத் தொடங்கினதும் பாதியை மடித்துக் கொழுவுவார். மத்தியானம் கழற்றிவிடுவார். மாரியில் நாள் முழுக்க அரைச்சாக்கு.

வெயில் ஊரில் றேடியேற்றரை ஏன் மூடினார் என்ற கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

ஆனால் இதை 'தமிழன் கண்டுபிடிப்பு' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிந்திய இங்கிலாந்தில் விவசாயிகள் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில்தான் உழவு இயந்திரம் ஓடினார்கள். 1949இல் வந்த ஃபேர்குசன் ரீ.ஈ.டி 20 இயந்திரத்தில் தாங்கியே இரண்டு பிரிவு, ஸ்ராட் பண்ணக் கொஞ்சப் பெற்றோல், ஓடுவதற்கு மற்றது. அப்படியான இயந்திரங்களில் றேடியேற்றரை மறைக்கத் திரையும் இருக்கும். அப்பப்பா அந்தக் கையேடு எதையும் வாசித்தவர் இல்லை. எண்ணெய்க் கம்பியைத் தினமும் இழுத்துப் பார்த்து, ஒயில் தண்ணியாகிறதைக் கண்டு, கையால் கண்டுபிடித்தவர். உலகத்தில் ஒரு மூலையில் பொறியியலாளர் மேசையில் செய்ததை இன்னொரு மூலையில் ஒரு ஹயர்காரர் முற்றத்தில் திரும்பச் செய்திருக்கிறார். எனக்கு இது இன்னும் பெரிய விஷயமாகப் படுகிறது.

அந்தக் காரில் என்ன ஏற்றினார் என்பதும் முக்கியம். கலியாணத்துக்கு ஹயர் போன கார் 1990க்குப் பிறகு அனேகமாக ஆஸ்பத்திரிக்குத்தான் போனது. பிள்ளைப்பேற்றுக்கு, பாம்பு கடிக்கு, செல் பட்ட ஆட்களுக்கு. கறுத்தப் புகை, கண் எரிவு, பின்சீற்றில் நோயாளி. "அந்தப் புகை மணத்திலயே கொஞ்சப்பேர் செத்திருப்பினம்" என்று அப்பா ஒருக்கால் சொன்னார். பகிடி மாதிரித்தான் சொன்னார். ஆனால் சிரிக்கவில்லை.

ஒரு கான் தண்ணீர்

1995 ஒக்ரோபர் 30. இராணுவம் வலிகாமத்துக்குள் முன்னேறிக்கொண்டிருந்தது. எல்லாரும் உடனே வெளியேறுங்கோ என்று புலிகளின் ஒலிபெருக்கி அறிவித்தல். லட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அப்பாவுக்கு அப்போது பதினேழு வயது. காரில் பூட்டி, அப்பம்மா, அத்தையின் கைப்பிள்ளை, மேலே மெத்தையும் பெட்டியும்.

றேடியேற்றருக்கு வேகம் வேண்டும். கார் ஓடினால்தான் முன்னால் காற்று வரும். நிற்கும்போது காற்றாடி மட்டும்தான், அதுவும் எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் மெதுவாகத்தான் சுற்றும். நாவற்குழிப் பக்கம் சனத்துக்குள் ஆள் நடக்கிற வேகத்தைவிட மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தார்கள். சாக்கு இல்லை, ஆனால் மண்ணெண்ணெய், சுமை, சுண்ணாம்பு அடைத்த றேடியேற்றர். எஞ்சின் கொதித்தது.

அவர்களிடம் இரண்டு கான் தண்ணீர் இருந்தது. ஒன்று குடிக்க. மற்றது காருக்கு. மூடியைத் திறக்க எஞ்சின் ஆறட்டும் என்று நின்றபோது ஒரு தாய் வந்து பிள்ளைக்குத் தண்ணி கேட்டிருக்கிறா. கொடுத்தார்கள். அவவைப் பார்த்து இன்னும் ஆட்கள் வந்தார்கள். குடிக்கிற கான் முடிந்துவிட்டது. அப்பா மற்றக் கானை எடுத்துச் சீற்றுக்குக் கீழே ஒளித்தார்.

அப்பப்பா அதை எடுத்து வெளியே வைத்தார். "கார் தண்ணி குடிக்காட்டிச் சாகாது" என்றாராம்.

பிறகு அந்த இரவு மிச்சத் தூரமெல்லாம் கார் ஓடவில்லை. தள்ளினார்கள். அப்பா பின்னால், அப்பப்பா கதவைத் திறந்து ஒரு கையால் ஸ்ரியறிங், மற்றக் கையால் தள்ளு. இடையில் மழை கொட்டியது. சனம் குடையை மறுபக்கம் பிடித்து மழைத்தண்ணி ஏந்திக் குடித்தது. அப்பா பொலித்தீனை விரித்துப் பிடித்து, ஏந்தினதை விடியப்புறம் ஆறின றேடியேற்றருக்கு ஊற்றினார். மழைத்தண்ணியில் சுண்ணாம்பு இல்லை. அந்த றேடியேற்றருக்கு அதைவிட நல்ல தண்ணீர் அதற்கு முதல் கிடைத்ததே இல்லை.

அப்பா இந்தக் கதையை எனக்கு முதல் தடவை சொன்னது இந்த மாசியில்தான், பம்மின் நாலு ஆணியைக் கழற்றும்போது. கானை ஒளித்த பகுதியைச் சொல்லும்போது தலையை நிமிர்த்தவில்லை. "எனக்குக் காரை விட்டிட்டுப் போக ஏலாது எண்டு இருந்தது. அவ்வளவுதான்" என்றார். பதினேழு வயது. நான் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த ஸ்பனரை எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் தட்டுப்பாடும் எங்கட முற்றமும்

2002 சித்திரையில் ஏ9 பாதை திறந்தபோது முதல்தடவையாக உதிரிப்பாகம் தாராளமாக வந்தது. 2006 ஆவணியில் திரும்ப மூடியது. 2009க்குப் பிறகு ஜப்பான் கார்களும் லீசிங்கும் வந்து பழைய கார்களைக் கொல்லைக்குத் தள்ளின. எங்கடதும் தகரத்துக்குக் கீழே போனது.

2020 பங்குனியில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்குத் திரும்ப வழிவிட்டது 2025 மாசியில்தான். இடையில் 2022: பெற்றோல் வரிசை, கியூ.ஆர் கோட், ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறின மண்ணெண்ணெய். ஓடாத கார்களுக்குக் கூட விலை வந்தது. எங்கட தகரக் கொட்டிலையும் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் அப்பாவுக்குத் திருத்துகிற எண்ணம் வந்தது.

ஆச்சரியம் என்னவென்றால் சாமான் கிடைக்கிறது. மைனர் உற்பத்தி 1970களின் தொடக்கத்தில் நின்றுவிட்டாலும் அதே எஞ்சின் குடும்பம் மினி காரில் 2000 வரைக்கும் வந்தது. ஆகவே பம், தேர்மோஸ்ரற் எல்லாம் இங்கிலாந்தில் இன்றும் செய்கிறார்கள். லண்டனில் இருந்து மச்சாள் வரும்போது சூட்கேசில் சொக்லேற்றுக்கு நடுவில் கொண்டுவந்தா.

செய்ய நினைக்கிறவர்களுக்கு நாங்கள் கற்றதைச் சொல்கிறேன்.

எஞ்சின் முழுக்க ஆறின பிறகுதான் மூடியில் கை வையுங்கோ. முதல் நாள் இரவே நிறுத்திவிடுவது நல்லது. கீழே பேசினை வைத்துத் தண்ணீரை வடியுங்கோ, ஐந்து லீற்றர் சொச்சம் வரும். பச்சைக் கூலன்ற் இருந்தால் நாய் பூனைக்கு எட்டாமல் வையுங்கோ. அது இனிக்கும், நக்கினால் செத்துப்போகும்.

டைனமோவை இளக்கினால் பெல்ற் கழரும். பிறகு காற்றாடி, பிறகு பம். பம்முக்கும் தலைக்கும் நடுவில் இரண்டு அங்குல நீளத்தில் ஒரு சின்ன றப்பர்க் குழாய் இருக்கும். இந்த எஞ்சினோடு மாரடித்த எல்லாரும் திட்டுகிற குழாய் அது. எங்கட காரில் அது குழாயே இல்லை. சைக்கிள் ரியூப்பைப் பல சுற்றுச் சுற்றிக் கம்பியால் இறுக்கியிருந்தது. வெட்டி எடுக்க மனமில்லாமல் வெட்டி எடுத்தேன். புதிதாகப் போடும்போது மடிப்பு மடிப்பாக இருக்கிற வகையை வாங்குங்கோ. அமுக்கிச் சுருக்கிச் செருகலாம்.

தேர்மோஸ்ரற் மூடியின் மூன்று நட்டுகளும் துருவால் பிடித்திருக்கும். பலத்தைக் காட்டினால் ஆணி முறியும். எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவிட்டோம். புதுத் தேர்மோஸ்ரற்றைப் போடமுதல் சட்டியில் தண்ணீர் வைத்து, நூலில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்கிப் பாருங்கோ. 82 பாகைக்குக் கிட்ட மெல்ல வாய் திறக்கும். அம்மா குசினியில் நின்று "என்ன மீனடா அது?" என்று கேட்டா.

றேடியேற்றருக்கு அசிட் விடச் சொல்லி ஒருவர் சொன்னார். கடும் அசிட் ஈயத்தையும் பித்தளையையும் தின்றுவிடும். நாங்கள் சிற்றிக் அமிலத் தூளைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றி வைத்தோம். நுரைத்தது. பிறகு கீழ் வாயால் குழாய்த்தண்ணீரை அடித்து மேல் வாயால் வெளியே விட்டோம். முதலில் சிவப்பு, பிறகு பால் மாதிரி வெள்ளை, மூன்று தரம் கழித்துத்தான் தெளிவு.

கடைசியில் ஊற்றினது கூலன்ற் கலந்த மழைத்தண்ணீர். "இங்க பனியோ கொட்டுது, என்னத்துக்குக் கூலன்ற்?" என்று அப்பா கேட்டார். பனிக்கு இல்லை, துருவுக்கு என்றேன். ஒத்துக்கொண்டார். கிணற்றுத்தண்ணீர் வேண்டாம் என்பதை நான் சொல்லவேண்டி வரவில்லை. மாரியில் பிடித்து வைத்த தண்ணீரை அவரே கொண்டுவந்தார்.

கொழுக்கியை என்ன செய்வது?

தடை நீங்கி இவ்வளவு காலமாகியும் நாங்கள் மண்ணெண்ணெய்க் காரை ஒரு வீரக்கதையாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சமாளித்தோம், விட்டுக்கொடுக்கவில்லை, மூளையால் வென்றோம். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கதையைச் சொல்லும்போது தடையைப் போட்டவர்கள் கதையிலிருந்து காணாமல் போகிறார்கள். நோயாளியை மண்ணெண்ணெய்ப் புகைக்குள் ஏற்றவேண்டி வந்தது ஒரு சாதனை இல்லை, ஒரு தண்டனை. அப்பப்பாவின் கெட்டித்தனத்தைக் கொண்டாடுவோம். ஆனால் அவருக்கு அந்தக் கெட்டித்தனம் தேவைப்பட்டிருக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

மற்றது, இது எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. எந்தக் காருக்கு எவ்வளவு மண்ணெண்ணெய், எந்தப் பழுதுக்கு என்ன மாற்று, எவர் எவருக்குச் சொல்லிக் கொடுத்தார், ஒன்றும் இல்லை. அந்த மெக்கானிக்மார் இப்போது எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். உங்கட ஒழுங்கையிலும் ஒருவர் இருப்பார். போனில் ஒலிப்பதிவு செய்ய ஒரு பின்னேரம் போதும். நான் அப்பப்பா இருக்கும்போது கேட்கவில்லை. அவர் போனபோது எனக்கு ஒன்பது வயது. இப்ப கேட்டிருந்தால் சாக்கை எந்தச் சூட்டில் மடித்தார் என்றாவது தெரிந்திருக்கும்.

இரண்டாம் நாள் பின்னேரம் ஹாண்டில் போட்டுச் சுற்றினோம். நாலாவது சுற்றில் பிடித்தது. பத்து நிமிடத்தில் மேல் குழாய் சடாரென்று சூடானது. தேர்மோஸ்ரற் திறந்துவிட்டது என்று அர்த்தம். ஒழுக்கு இல்லை. அப்பா கீழே குனிந்து ஒருக்கால், திரும்ப ஒருக்கால் பார்த்தார்.

றேடியேற்றருக்குப் பெயின்ற் அடிக்க முதல் அந்தக் கொழுக்கிகளைத் தட்டி எடுக்கவா என்று கேட்டிருந்தேன். இப்ப அதற்கு வேலை இல்லையே.

"கிடக்கட்டும்" என்றார். "ஆருக்குத் தெரியும்."